ஜாவா பழகும் பிள்ளைகளுக்கு: ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல் பற்றிப் பன்னிரண்டு அறிவுரைகள்

தென்காசி வட்டாரத்தில் ஜாவா இன்று ஊர்த் தொழில்களில் ஒன்றாகிவிட்டது. 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ மென்பொருள் நிறுவனம், 2011ல் தென்காசியில் கிளை திறந்தது. குத்துக்கல்வலசைப் பிள்ளை ஜோஹோ அலுவலகம் உள்ள மத்தளம்பாறைக்குப் போய் மென்பொருள் எழுதிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்பது என் இளமையில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தவுடன் உங்கள் கையில் கிடைப்பது வெற்றுத் தாள் அல்ல, பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய ப்ரோகிராம். அதில் 'கான்ஃப்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள் இருக்கும், வரிக்கு ஒரு பெயரும் ஒரு மதிப்புமாக. இப்படிப்பட்டதுதான் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல். ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் வரிசையில் உள்ள ஆப்மேனேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். அது வாடிக்கையாளரின் சொந்த சர்வரிலேயே நிறுவப்படுவது. அதன் கான்ஃப் ஃபோல்டரில் டேட்டாபேஸுக்கென்று ஒரு ஃபைல் உண்டு. எந்த டிரைவர் கிளாஸ், எந்த முகவரி, எந்தப் பயனர் என்பதெல்லாம் அதில் இருக்கும். போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவருக்கு ஒரு டிரைவர், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருப்பவருக்கு வேறு டிரைவர். அதற்காக ஜாவா கோடை யாரும் திரும்பக் கம்பைல் செய்வதில்லை.

ஒரு வேலையைச் செய்யப் பல கிளாஸ்கள் தயாராக இருக்கும்போது, எது செய்ய வேண்டும் என்பதை ப்ரோகிராமுக்கு வெளியே எழுதிவைக்கும் முறை இது. பாடப்புத்தகம் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடும். தொழிலில் இதற்கு நிறைய நிதானம் வேண்டும். நான் சொல்ல வருவது ஒன்றே: வேறொருவர் வேறொரு இடத்தில் எடுக்க வேண்டிய முடிவை மட்டும் வெளியே எழுதுங்கள், அந்த முடிவு தப்பாக இருந்தால் ப்ரோகிராம் தொடங்கும்போதே அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கீழே உள்ள பன்னிரண்டும் இதன் விரிவுதான்.

உதாரணத்துக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ், அதற்கு அறை முன்பதிவு செய்யும் ப்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவு முடிந்ததும் வாடிக்கையாளருக்குச் செய்தி போக வேண்டும். அது குறுஞ்செய்தியாகப் போகலாம், வாட்ஸ்அப்பில் போகலாம், மின்னஞ்சலாகவும் போகலாம்.

1. முதலில் இன்டர்ஃபேஸை ஒழுங்காக எழுதுங்கள்.

இன்டர்ஃபேஸ் சரியில்லாவிட்டால் ஃபைலில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. 'செய்தி அனுப்பி' என்ற இன்டர்ஃபேஸில் யாருக்கு, என்ன செய்தி என்ற இரண்டு மட்டும் இருந்தால் போதும். அதில் 160 எழுத்து வரம்பு என்று எழுதினால், குறுஞ்செய்தியின் குணம் உள்ளே புகுந்துவிட்டது. நாளை மின்னஞ்சலுக்கான கிளாஸை எழுதுபவர் அந்த வரம்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இதற்கு நல்ல பாடம், டேட்டாபேஸோடு பேசுவதற்கான ஜேடிபிசி. 1997ல் ஜேடிகே 1.1 உடன் வந்தது. ஆரக்கிளோ மைஎஸ்க்யூஎல்லோ போஸ்ட்கிரெஸோ, இணைப்பு, கட்டளை, முடிவு வரிசை என்ற அதே இன்டர்ஃபேஸ்கள்தான். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு. முதல் பத்து வரிசைகளை மட்டும் கேட்கும் எஸ்க்யூஎல் வாக்கியம் போஸ்ட்கிரெஸில் ஒரு மாதிரி, மைக்ரோசாஃப்ட் சர்வரில் வேறு மாதிரி. டிரைவர் பெயரை மாற்றியதும் எல்லாம் மாறிவிட்டதாக நம்பினால், இணைப்பு கிடைக்கும், கேள்வி தோற்கும். இன்டர்ஃபேஸ் மறைப்பது எது, மறைக்காதது எது என்று தெரிந்துகொண்ட பிறகே ஃபைலில் கை வையுங்கள்.

2. எது வெளியே போக வேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

இதை மாற்றப்போவது யார்? எப்போது மாற்றுவார்? எங்கே இருந்துகொண்டு மாற்றுவார்? மூன்றுக்கும் "நான்தான், என் மேசையில், அடுத்த வெளியீட்டில்" என்று பதில் வந்தால் அது கோடிலேயே இருக்கட்டும். "நிறுவும் இடத்தில், நிறுவும் நேரத்தில், அங்கிருக்கும் நிர்வாகி" என்று வந்தால் ஃபைலுக்குப் போகலாம். எந்த வழியில் செய்தி அனுப்புவது என்பது அப்படிப்பட்டது. ஒரு லாட்ஜ் குறுஞ்செய்திச் சேவையோடு ஒப்பந்தம் போட்டிருக்கும், இன்னொன்றுக்கு மின்னஞ்சலே போதும்.

இப்போது அறை வாடகையை எடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் சீசன், மற்ற மாதங்கள் சாதா நாட்கள். 'சீசன் கட்டணம்', 'சாதா கட்டணம்' என்று இரண்டு கிளாஸ் எழுதி, ஃபைலில் மாற்றி மாற்றி வைக்கலாம் என்று உடனே தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். குற்றாலத்தில் சீசன் காலண்டர் பார்த்துத் தொடங்குவதில்லை. ஒரு வருஷம் ஜூன் முதல் வாரத்திலேயே அருவியில் தண்ணீர் கொட்டும், இன்னொரு வருஷம் ஜூலை வரை பாறைதான் தெரியும். வாடகையை எப்போது கூட்டுவது என்பதை முதலாளி காலையில் முடிவுசெய்வார், மாலையில் மாற்றுவார். அது டேட்டாபேஸில் இருக்க வேண்டிய தகவல். அவர் தொடும் திரையில் அதற்கு ஒரு இடம் கொடுங்கள். தினசரி மாறுவது டேட்டாபேஸுக்கு, நிறுவும் இடத்துக்கு ஏற்ப மாறுவது ஃபைலுக்கு, தொழில் விதி மாறினால் மட்டும் மாறுவது கோடுக்கு என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

3. ஒருமுறையாவது எந்தத் துணையும் இல்லாமல் கையால் எழுதிப் பாருங்கள்.

ஸ்பிரிங் என்ற ஃபிரேம்வொர்க் எல்லாவற்றையும் செய்துதரும். ஆனால் அது உங்களுக்காக என்ன செய்கிறது என்று தெரியாமல் அதைப் பயன்படுத்துகிறவர், எர்ரர் வந்த நாளில் திகைத்து நிற்பார். 1996ல் ஜாவாவின் முதல் பதிப்பிலேயே 'ப்ராப்பர்ட்டீஸ்' என்ற கிளாஸ் இருந்தது. புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன், ஃபைல் இப்படி இருக்கும்:

செய்தி.அனுப்பி=குறுஞ்செய்தி
செய்தி.மறுமுயற்சி=3

செய்ய வேண்டியது ஐந்து படிகள். ஃபைலைத் திறந்து ப்ராப்பர்ட்டீஸில் ஏற்றுங்கள். 'செய்தி.அனுப்பி' என்ற சாவியின் மதிப்பைக் கேளுங்கள். அந்த மதிப்புக்குரிய கிளாஸை 'கிளாஸ்.ஃபார்நேம்' கொண்டு எடுங்கள். அது உண்மையிலேயே 'செய்தி அனுப்பி' இன்டர்ஃபேஸைச் சேர்ந்ததா என்று 'ஆஸ்சப்கிளாஸ்' கொண்டு சரிபாருங்கள். கடைசியாக, கன்ஸ்ட்ரக்டரை எடுத்து ஆப்ஜெக்டை உருவாக்குங்கள். கிளாஸிலிருந்து நேராக 'நியூஇன்ஸ்டன்ஸ்' கூப்பிடும் பழைய வழி ஜாவா 9லிருந்து கைவிடப்பட வேண்டியதாகக் குறிக்கப்பட்டுவிட்டது. கன்ஸ்ட்ரக்டருக்குள் எழும் எக்செப்ஷனைக் கம்பைலருக்குத் தெரியாமல் வெளியே விட்டதுதான் அதன் குறை.

மார்ட்டின் ஃபவுலர் 2002ல் வெளியிட்ட, நிறுவன மென்பொருள் கட்டமைப்பு பற்றிய புத்தகத்தில் இந்த முறைக்கு 'ப்ளகின்' என்று பெயர். கம்பைல் செய்யும்போது அல்லாமல் அமைவை (கான்ஃபிகரேஷனை) படிக்கும்போது கிளாஸ்களை இணைப்பது என்பதே அதன் சாரம். ஐம்பது வரிக் கோடில் இதை நீங்களே எழுதிவிடலாம். எழுதியவருக்குப் பிறகு எந்த ஃபிரேம்வொர்க்கும் மாயமாகத் தெரியாது.

4. ஃபைலின் இலக்கணத்தைப் படியுங்கள்.

பார்க்க எளிமையாக இருப்பதால் இதை யாரும் படிப்பதில்லை. பல ராத்திரிகளின் தூக்கம் இங்கேதான் போகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மதிப்புக்கு முன்னால் உள்ள இடைவெளியை ஜாவா தள்ளிவிடும். பின்னால் உள்ள இடைவெளியைத் தள்ளாது. 'குறுஞ்செய்தி' என்று எழுதிவிட்டு ஸ்பேஸ் பட்டனை ஒரு தரம் கூடத் தட்டியிருந்தால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பெயர் ஜாவாவுக்கு வேறு பெயர். படித்தவுடன் இரு பக்கமும் வெட்டிவிடுவதைப் பழக்கமாக்குங்கள்.

'#' வரியின் தொடக்கத்தில் இருந்தால்தான் அது குறிப்பு. மதிப்புக்குப் பின்னால் அதே வரியில் '# மூன்று தடவை' என்று விளக்கம் எழுதினால், அந்த விளக்கமும் மதிப்பின் பகுதியாகிவிடும். எண்ணாக மாற்றும்போது ப்ரோகிராம் விழும்.

ஒரே சாவி இரண்டு தடவை வந்தால் கடைசியில் வருவது நிற்கும். எந்த எச்சரிக்கையும் வராது. முந்நூறு வரி ஃபைலில் மேலே திருத்திவிட்டு, கீழே இன்னொன்று இருப்பதைக் கவனிக்காமல் ஏன் மாறவில்லை என்று தேடுபவர்களை எல்லா அலுவலகத்திலும் பார்க்கலாம்.

'\' குறி இங்கே சாதாரண எழுத்தல்ல. விண்டோஸ் ஃபோல்டர் பாதையை அப்படியே ஒட்டினால், 'டெம்ப்' என்ற ஃபோல்டருக்கு முன்னால் உள்ள குறியும் ஆங்கிலச் சின்ன 'டி'யும் சேர்ந்து டேப் ஆகிவிடும். சின்ன எழுத்தில் தொடங்கும் 'நியூ' என்றால் புது வரி ஆகிவிடும். சின்ன எழுத்தில் தொடங்கும் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டர் வந்தால், அதை யூனிகோட் எண்ணின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு ஃபைலைப் படிப்பதையே ஜாவா நிறுத்திவிடும். அந்தக் குறியை இரண்டு தடவை எழுதுங்கள், அல்லது '/' குறியைப் பயன்படுத்துங்கள்; விண்டோஸிலும் ஜாவா அதை ஏற்கும்.

கடைசியாக, நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது தமிழ் எழுத்து. பைட்டுகளாகப் படிக்கும் பழைய 'லோட்' மெத்தட், ஃபைலை ஐஎஸ்ஓ 8859-1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறிமுறையில் இருப்பதாகவே நினைக்கும். யூடிஎஃப்-8ல் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட். ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்தால் 'குற்றாலம்' என்பது பொருளற்ற குறிகளின் வரிசையாகத் திரையில் நிற்கும். ஜாவா 6லிருந்து 'ரீடர்' வாங்கிக்கொள்ளும் 'லோட்' இருக்கிறது. யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லி ரீடரைத் திறந்து அதையே பயன்படுத்துங்கள். ஜாவா 9ல் யூடிஎஃப்-8 இயல்பானது, மொழிபெயர்ப்புச் சொற்களுக்கான 'ரிசோர்ஸ் பண்டில்' ஃபைல்களுக்குத்தான். பழைய 'லோட்' அப்படியேதான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணாதீர்கள்.

5. தப்பு இருந்தால் தொடக்கத்திலேயே நின்றுவிட வேண்டும்.

கோடில் கிளாஸ் பெயரைத் தப்பாக எழுதினால் கம்பைலர் பிடித்துவிடும். அதே பெயரை ஃபைலில் தப்பாக எழுதினால் பிடிக்க யாருமில்லை. கம்பைலர் செய்த காவலை நீங்கள்தான் செய்ய வேண்டும். ப்ரோகிராம் தொடங்கும் நிமிஷத்திலேயே எல்லாச் சாவிகளையும் படித்து, கிளாஸ்களை ஏற்றி, ஆப்ஜெக்ட்களை உருவாக்கிப் பார்த்துவிடுங்கள். தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், சனிக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு வந்து நிற்கும் முதல் வாடிக்கையாளருக்குச் செய்தி போகாதபோதுதான் தப்பு தெரியும்.

எர்ரர் செய்தியில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்த ஃபைல், அதன் முழுப் பாதை; எந்தச் சாவி; என்ன மதிப்பு இருந்தது; என்ன மதிப்புகள் செல்லும். மதிப்பை மேற்கோள் குறிக்குள் அச்சிடுங்கள், அப்போதுதான் பின்னால் ஒட்டிய இடைவெளி கண்ணில் படும். அதைப் படிக்கப்போகிறவர் ஜாவா தெரியாத ஒரு நிர்வாகி என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சாவி இல்லாவிட்டால் என்ன செய்வது? மறுமுயற்சி எண்ணிக்கை போன்றவற்றுக்கு இயல்பு மதிப்பு வைக்கலாம். எந்த கிளாஸ் என்ற முடிவுக்கு யோசித்து வையுங்கள். சோதனைக்காக எழுதிய, எதையும் அனுப்பாமல் 'அனுப்பியாயிற்று' என்று சொல்லும் கிளாஸ் ஒருநாளும் இயல்பாக இருக்கக் கூடாது. ஃபைல் காணாமல் போன நாளில் எல்லாம் சரியாக ஓடுவதுபோல் தெரியும், ஒரு செய்தியும் போயிருக்காது. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இதன் விளைவை நான் விளக்கத் தேவையில்லை.

6. எந்த ஃபைல் ஜெயிக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள், லாகில் எழுதுங்கள்.

ஒரே சாவி ஜாருக்குள் இருக்கும் ஃபைலில் இருக்கலாம், வெளியே உள்ள ஃபைலில் இருக்கலாம், என்விரான்மென்ட் வேரியபிளில் இருக்கலாம், கட்டளை வரியிலும் வரலாம். ஸ்பிரிங் பூட்டில் இவற்றுள் கட்டளை வரிதான் மேல். அடுத்து ஜாவாவின் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி. அதற்கடுத்து என்விரான்மென்ட் வேரியபிள். அதற்குக் கீழேதான் ஃபைல்கள், அவற்றிலும் ஜாருக்கு வெளியே உள்ளது உள்ளே இருப்பதை வெல்லும். ஜாவாவின் எக்ஸ்எம்எல் பார்சரும் இதே மாதிரி ஒரு வரிசையில்தான் தன் கிளாஸைத் தேடுகிறது: முதலில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி, பிறகு ஜாவா நிறுவப்பட்ட இடத்தில் உள்ள ஒரு ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல், பிறகு கிளாஸ்பாத்தில் பதிவான சேவை, ஒன்றும் இல்லையென்றால் கூடவே வரும் இயல்பு.

நீங்களே வரிசை அமைத்தால் இரண்டு மூன்று படிகளோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு சாவிக்கும் எந்த மதிப்பு தேர்வானது, எங்கிருந்து வந்தது என்று தொடங்கும்போது லாகில் எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எழுதாதீர்கள். "என் மெஷினில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதியை அந்தச் சில வரிகள் தீர்த்துவிடும்.

7. முழு கிளாஸ் பெயருக்குப் பதில் சுருக்கப் பெயர் வையுங்கள்.

வாடிக்கையாளரின் ஃபைலில் உங்கள் கிளாஸின் முழுப் பெயர் போய் உட்கார்ந்துவிட்டால், அந்தப் பெயரை இனி உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மைஎஸ்க்யூஎல்லின் ஜாவா டிரைவர் எட்டாம் பதிப்பில் தன் டிரைவர் கிளாஸின் பாக்கேஜ் பெயரை மாற்றியது. உலகெங்கும் எண்ணற்ற ஃபைல்களில் பழைய பெயர் இருந்ததால் பழைய பெயரையும் எச்சரிக்கையோடு விட்டுவைக்க வேண்டியிருந்தது. பெரிய குழுவுக்கே அந்த நிலை.

ஃபைலில் 'குறுஞ்செய்தி', 'வாட்ஸ்அப்', 'மின்னஞ்சல்' என்று சுருக்கமாக இருக்கட்டும். எந்தச் சுருக்கத்துக்கு எந்த கிளாஸ் என்ற பட்டியல் கோடில் இருக்கட்டும். கிளாஸை இடம் மாற்றலாம், பெயர் மாற்றலாம், ஃபைல் அசையாது. இன்னொரு லாபமும் உண்டு. எடிட்டரில் அந்த கிளாஸ் எங்கே பயன்படுகிறது என்று தேடினால், பட்டியல் கண்ணில் படும். முழுப் பெயர் ஃபைலில் மட்டும் இருந்தால் 'எங்கும் பயன்படவில்லை' என்று எடிட்டர் சொல்லும், யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு அதை அழித்துவிடுவார். முன்பின் தெரியாத மூன்றாம் தரப்பினர் தங்கள் கிளாஸைச் செருக வேண்டிய இடத்தில் மட்டும் முழுப் பெயரை அனுமதியுங்கள்.

8. ஃபைலில் எழுதும் உரிமை ப்ரோகிராமை ஆளும் உரிமை.

எந்த கிளாஸ் ஓட வேண்டும் என்று சொல்லக்கூடியவர் என்ன வேண்டுமானாலும் ஓட்ட முடியும். ஆகவே அந்த ஃபைலை மாற்றும் அனுமதி ஒருசிலரிடம் மட்டும் இருக்கட்டும். கிளாஸின் பெயரை நெட்வொர்க்கிலிருந்தோ பயனர் நிரப்பும் படிவத்திலிருந்தோ ஒருபோதும் வாங்காதீர்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லாக் நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டை உலகத்தையே உலுக்கியது. லாகில் எழுதப்படும் சாதாரண வாசகத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு முகவரியைப் பின்தொடர்ந்து போய், எங்கோ உள்ள சர்வரிலிருந்து கோடைக் கொண்டுவந்து ஓட்ட அது வழிவிட்டது. வெளியே இருந்து வரும் எழுத்து, உள்ளே ஓடும் கோடைத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம்.

கடவுச்சொற்களை கிளாஸ் தேர்வு இருக்கும் ஃபைலிலேயே வைக்காதீர்கள். அந்த ஃபைல் கிட்டில் போகும், மின்னஞ்சலில் போகும், உதவி கேட்டு யாரிடமாவது போகும். 2011ல் ஹெரோக்கு என்ற கிளவுட் நிறுவனத்தின் குழுவினர் வெளியிட்ட பன்னிரண்டு நெறிகளில் ஒன்று, இடத்துக்கு இடம் மாறும் அமைவை என்விரான்மென்ட்டில் வைப்பது. கடவுச்சொற்களுக்கு அது நல்ல தொடக்கம்.

9. சர்வீஸ்லோடரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜாவா 6 (2006) இந்த வேலைக்கே ஒரு வழியைத் தந்தது. ஜாருக்குள் 'மெட்டா-இன்ஃப்' ஃபோல்டரில் 'சர்வீசஸ்' என்ற உள்ஃபோல்டர். அதில் இன்டர்ஃபேஸின் பெயரிலேயே ஒரு ஃபைல், உள்ளே கிளாஸ்களின் பெயர்கள். ஜாரை கிளாஸ்பாத்தில் வைத்தால் போதும், சர்வீஸ்லோடர் கண்டுபிடித்துவிடும். ஜேடிபிசி 4.0 இதைப் பயன்படுத்தியதால்தான் இன்று டிரைவருக்கு 'கிளாஸ்.ஃபார்நேம்' எழுதத் தேவையில்லை. ஜாவா 9 (2017) முதல் மாட்யூல் அறிவிப்பிலேயே இதை எழுதலாம்.

ஆனால் இது சொல்வது 'என்னென்ன இருக்கிறது' என்பதை. 'எது வேண்டும்' என்பதை அல்ல. நான்கு கிளாஸ் கிடைத்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுபடியும் உங்கள் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நல்ல அமைப்பு. ஒரு எச்சரிக்கை: எல்லா ஜார்களையும் ஒரே ஜாராக இணைக்கும்போது, ஒரே பெயரில் உள்ள சர்வீசஸ் ஃபைல்கள் ஒன்றையொன்று அழித்துவிடலாம். மேவனின் ஷேட் ப்ளகினில் அவற்றை ஒன்றுசேர்க்கும் வசதி தனியாக இருக்கிறது, அதைப் போட மறக்காதீர்கள்.

10. ஃபிரேம்வொர்க்கை அதன் காரணத்தோடு கற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கின் முதல் பதிப்பு 2004ல் வந்தது. அப்போதே ஆப்ஜெக்ட்களின் இணைப்பை ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் எழுத ஒரு வழி அதில் இருந்தது. ஊரெல்லாம் எக்ஸ்எம்எல்லை எடுத்துக்கொண்டது. சில வருஷத்தில் ஆயிரக்கணக்கான வரி எக்ஸ்எம்எல் சேர்ந்து, கம்பைலரின் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது ப்ரோகிராம் ஆகிவிட்டது. 2007ல் கூகுள் வெளியிட்ட ஜூஸ், இணைப்பை மறுபடி ஜாவா கோடுக்கே கொண்டுவந்தது. ஃபைலில் உள்ள மதிப்புகளைப் பெயரோடு இணைக்கும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டது. ஸ்பிரிங்கும் அனோட்டேஷன் பக்கம் வந்தது. 2014ல் வந்த ஸ்பிரிங் பூட்டில், இணைப்பு கோடில் இருக்கும். ஒரு சாவியின் மதிப்பைப் பார்த்து இந்த இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் அனோட்டேஷன் உண்டு.

இந்த வரலாறு சொல்லும் பாடம் தெளிவானது. இணைப்பு முழுவதையும் வெளியே தள்ளியவர்கள் திரும்பி வந்தார்கள். தேர்வை மட்டும் வெளியே வைத்தவர்கள் நிலைத்தார்கள். ஃபவுலர் 2004 ஜனவரியில் எழுதிய கட்டுரையிலும் வலியுறுத்தியது, எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிட அமைவையும் பயன்பாட்டையும் பிரித்துவைப்பதே முக்கியம் என்பதைத்தான். 'முன்பதிவு' கிளாஸுக்கு ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல் ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. அதன் கன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு 'செய்தி அனுப்பி' கிடைத்தால் போதும். ஃபைலைப் படிக்கும் கோடு ஒரே இடத்தில், ப்ரோகிராமின் வாசலில் இருக்கட்டும்.

11. ஒவ்வொரு தேர்வையும் சோதியுங்கள்.

ஃபைலில் மூன்று மதிப்பு செல்லும் என்றால் ப்ரோகிராம் மூன்று விதமாக ஓடும். நீங்கள் தினமும் ஓட்டிப் பார்ப்பது ஒன்றைத்தான். இன்டர்ஃபேஸ் என்ன உறுதி தருகிறதோ அதை ஒரே சோதனைத் தொகுப்பாக எழுதி, எல்லா கிளாஸ்களின் மேலும் ஓட்டுங்கள். வெறும் செய்தி கொடுத்தால் என்ன நடக்கும், தப்பான எண் கொடுத்தால் என்ன நடக்கும், ஒரே செய்தி இரண்டு தடவை வந்தால் என்ன நடக்கும் என்பவற்றுக்கு மூன்றும் ஒரே பதில் சொல்ல வேண்டும். கூடவே, வாடிக்கையாளருக்கு அனுப்பப்போகும் அதே ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலைப் படித்து எல்லாவற்றையும் ஏற்றிப் பார்க்கும் ஒரு சோதனையும் வையுங்கள். சோதனைக்கென்று தனி ஃபைல் வைத்துக்கொண்டு, போகிற ஃபைலை யாரும் திறந்தே பார்க்காத இடங்கள் நிறைய.

12. வாடிக்கையாளரின் ஃபைலுக்கு மரியாதை கொடுங்கள்.

நிறுவிய பிறகு அந்த ஃபைல் உங்களுடையது அல்ல. அதில் அவர் செய்த மாற்றங்கள் இருக்கும். புதுப் பதிப்பு போடும்போது அதன் மேல் உங்கள் ஃபைலை எழுதிவிட்டால், அவர் வருஷக்கணக்காகச் சரிசெய்து வைத்ததெல்லாம் போய்விடும். புதுச் சாவிக்குத் தீங்கில்லாத இயல்பு மதிப்பு கொடுங்கள், பழைய ஃபைலோடும் ப்ரோகிராம் ஓட வேண்டும். சாவியின் பெயரை மாற்றினால், ஒரு பதிப்புக்காவது பழைய பெயரையும் ஏற்று, லாகில் எச்சரியுங்கள். உங்களுக்குத் தெரியாத சாவி ஃபைலில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பெரும்பாலும் அது எழுத்துப் பிழை.

ஒவ்வொரு சாவிக்கும் மேலே குறிப்பு எழுதுங்கள்: இது எதற்கு, என்னென்ன மதிப்பு செல்லும், மாற்றினால் ப்ரோகிராமை நிறுத்தித் தொடங்க வேண்டுமா. தனிக் கையேட்டைத் தேடிப் படிக்க நிர்வாகிக்கு நேரம் இருக்காது. அவர் திறப்பது அந்த ஃபைலைத்தான். நீங்கள் அனுப்பும் மாதிரி ஃபைலை கிட்டில் வையுங்கள். அதில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் கோடைப் பார்ப்பதுபோல் இன்னொருவர் பார்த்துச் சம்மதித்த பிறகே சேருங்கள்.

தம்பி தங்கைகளே, இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். லாட்ஜ் ப்ரோகிராமின் சிறு வடிவத்தை எழுதுங்கள்: ஒரு இன்டர்ஃபேஸ், மூன்று கிளாஸ், ஒரு ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல். பிறகு அதை உங்கள் நண்பரிடம் கொடுத்து, ஃபைலை மட்டும் தன் இஷ்டத்துக்குக் கெடுக்கச் சொல்லுங்கள். கடைசியில் ஒரு இடைவெளி, இரண்டு தடவை ஒரே சாவி, ஒரு தமிழ்ச் சொல், இல்லாத ஒரு பெயர். ஒவ்வொரு தடவையும் உங்கள் ப்ரோகிராம் அதைச் சரியாகச் சமாளிக்கிறதா, இல்லையென்றால் தொடங்கும்போதே நின்று, எங்கே என்ன தப்பு என்று அவருக்குப் புரியும்படி சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாத இடத்தைத் திருத்துங்கள். எல்லாவற்றையும் சொல்லும் நாளில், முகம் தெரியாத ஒரு நிர்வாகி எங்கோ ஓர் ஊரில் நம்பி நிறுவக்கூடிய ஒன்றை நீங்கள் செய்திருப்பீர்கள். நம் ஊரில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுத வந்த பிள்ளைகளிடம் நான் எதிர்பார்ப்பது அந்தப் பொறுப்பைத்தான்.